14 யூனிட், 55 கிலோமீட்டர் மலை: மின்சார எஸ்யூவியில் தனியாகக் கொடைக்கானலுக்கு

2024 ஆகஸ்ட், ஆடி முடிய ஒரு வாரம் இருந்த வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கொடைக்கானலில் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து விடுதிக் காப்பாளர் அழைத்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாலு நாள் வீட்டில் இருந்தால் நல்லது, வந்து அழைத்துப் போக முடியுமா என்று கேட்டார். பின்னாலிருந்து அவள் குரல் லேசாகக் கேட்டது. "அம்மா, இன்னைக்கே வந்துருவல்ல?" வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். கணவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். ஏழேகாலுக்கு மடிப்பாக்கத்தில் வண்டியை எடுத்தேன். சாயங்காலம் நாலரைக்குள் பள்ளியில் இருக்கலாம் என்று கணக்கு. போய்ச் சேர்ந்தது மறுநாள் காலை பத்தேகாலுக்கு. நடுவில் என்ன நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன். இதில் பாதியையாவது யாராவது முன்னாலேயே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இரவு எனக்கும் அவளுக்கும் அப்படிக் கழிந்திருக்காது.

வண்டி எது என்று சொல்லப் போவதில்லை, தவறு வண்டியுடையது அல்ல. இந்தியாவில் சொகுசு மின்சார எஸ்யூவிகளின் முதல் வரிசை 2020 அக்டோபரில் மெர்சிடிஸ் ஈக்யூசி, 2021 மார்ச்சில் ஜாகுவார் ஐ-பேஸ், ஜூலையில் ஆடி இ-ட்ரான், டிசம்பரில் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் என்று வந்தது. அந்தக் காலகட்டத்து ஐரோப்பிய வண்டிதான் என்னுடையதும். புதிதில் ஒரு கோடியை ஒட்டிய விலை. மூன்றாம் வருடம் இரண்டாம் கையாக 62 லட்சத்துக்கு வாங்கினேன். சக்தியைப் பற்றிக் குறையே கிடையாது. நானூறை ஒட்டிய குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஆறு நொடிகூட ஆகாது. லாரியை முந்தும்போது மிதித்த மறுகணம் அது நமக்குப் பின்னால் போயிருக்கும். கியர் மாறும் தயக்கமோ சத்தமோ இல்லை. ஆனால் எடை இரண்டு டன்னுக்கும் நானூறு கிலோ கூடுதல். அந்த எடையும் அந்த இழுப்பும் சேர்ந்து 24,000 கிலோமீட்டரிலேயே டயர்களைத் தின்றுவிட்டன. நான்கும் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே டயரைப் பார்த்துவிடுங்கள்.

அன்று காலை பேட்டரி 71 சதவீதம். முதல் தவறு அங்கேதான், அது அன்று செய்த தவறும் அல்ல. வாங்கிய நாளிலிருந்து வீட்டில் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டியோடு வரும் அந்தச் சின்னச் சார்ஜர் மணிக்கு 2.3 யூனிட்தான் இழுக்கும். என் பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 80 யூனிட். பத்து மணி நேரம் போட்டாலும் கால் பங்குதான் ஏறும். ஊருக்குள் தினமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது தாராளம். அதனாலேயே மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கி 11 கிலோவாட் சார்ஜர், அதாவது மணிக்கு 11 யூனிட் தரும் சார்ஜர், வைக்கும் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது இருந்திருந்தால் முந்தின இரவு மறந்துபோய் விடியற்காலையில் மாட்டியிருந்தால்கூட, புறப்படும்போது எண்பதைத் தாண்டியிருக்கும்.

திரையில் இன்னும் 295 கிலோமீட்டர் ஓடலாம் என்று காட்டியது. இந்த எண்ணைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். வண்டிக்கு நாம் எங்கே போகிறோம் என்று தெரியாது. இதற்கு முன்னால் எப்படி ஓட்டினோம் என்பதை வைத்துப் பேட்டரியில் இருப்பதை வகுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். என்னுடைய முந்தைய ஓட்டமெல்லாம் வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவில். பெட்ரோல் வண்டிக்கு நேர்மாறாக மின்சார வண்டி ஊருக்குள்தான் குறைவாகச் செலவழிக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராகிக் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் அந்த வாய்ப்பு இல்லை, காற்றைக் கிழிக்கும் வேலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். எண்பதிலிருந்து நூற்றுப்பத்துக்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. மனம் முழுக்க மகள் இருந்ததால் பரனூர் சுங்கச்சாவடி தாண்டியதிலிருந்து நூறுக்குக் குறையவில்லை. போதாததற்கு ஆடிக்காற்று. தெற்கும் மேற்குமாகப் போகிற வண்டிக்கு அது முகத்தில் அறைகிற காற்று. விழுப்புரத்தை நெருங்கும்போது 155 கிலோமீட்டர் ஓடியிருந்தேன், பேட்டரி 21. நூறு கிலோமீட்டருக்கு 26 யூனிட். அப்படியானால் முழுசாக நிரப்பினாலும் 300 கிலோமீட்டர்தான். வாங்கும்போது தாளில் பார்த்த நானூற்றுச் சொச்சம் ஐரோப்பியச் சோதனைக் கூடத்துக் கணக்கு. அது பொய் அல்ல, ஆனால் ஆடி மாதத்து ஜிஎஸ்டி சாலையும் அல்ல.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் வளாகத்தில் 60 கிலோவாட் டிசி சார்ஜர், வேகமாக ஏற்றும் வகை. என் வண்டி நூறு கிலோவாட்டுக்கு மேல் வாங்கும், அதனால் 60 முழுசாக வரும், ஐம்பது நிமிடத்தில் கிளம்பலாம் என்று நினைத்தேன். வந்தது 30. ஒரு பெட்டியில் இரண்டு துப்பாக்கிகள் (வண்டியில் மாட்டும் பிடியை அப்படித்தான் சொல்வார்கள்), பக்கத்தில் ஒரு வாடகை வண்டி மாட்டியிருந்தது, இருவருக்கும் பாதிப் பாதி. அந்த வண்டி போன பிறகாவது 60 வருமா என்று பார்த்தால் 48-லேயே நின்றது. அங்கே காத்திருந்த டிரைவர் தம்பி ஒருவர் விளக்கினார். "மேடம், இது 125 ஆம்பியர் பெட்டி. உங்க வண்டி 390 வோல்ட்டுல நிக்குது. பெருக்கிப் பாருங்க." பெருக்கினால் சரியாக அதுதான். பெட்டியில் எழுதியிருக்கும் கிலோவாட், அதிக வோல்ட்டேஜில் வாங்கும் வண்டிக்குத்தான் முழுசாகப் பொருந்தும். கியா ஈவி6, ஹுண்டாய் அயோனிக் 5, போர்ஷே டைக்கான் போன்ற 800 வோல்ட் அமைப்பு உள்ளவை வேறு, நம்முடைய 400 வோல்ட் வகை வேறு. 21-இலிருந்து 80 வரை ஏற ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஜிஎஸ்டி வரியோடு 1,140 ரூபாய். அந்த நேரத்தில் கொடைக்கானலுக்குள் வண்டி போக வேண்டிய அனுமதியான இ-பாஸை போனிலேயே எடுத்துவிட்டேன். 2024 மே 7 முதல் அது கட்டாயமாகியிருந்தது. உருப்படியாக நடந்த ஒரே காரியம் அது.

திருச்சிக்கு இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது 22 சதவீதம். சார்ஜர் இடங்களைக் காட்டும் ஆப்பில் பச்சையாகக் காட்டிய முதல் இடத்தில் துப்பாக்கியை மாட்டியதும் வண்டியும் பெட்டியும் பேசிக்கொள்ள ஆரம்பித்து, ஒரு நிமிடத்தில் சிவப்பு எரிந்து நின்றது. நான்கு முறை செய்து பார்த்தேன். ஆயிரம் ரூபாய் வாலெட்டில் போட்டால்தான் தொடங்கும் என்றது, போட்டேன், பணம் போயிற்று, மின்சாரம் வரவில்லை. உதவி எண்ணில் ஒரு பெண் பணிவாகப் பேசினார், தூரத்திலிருந்தே பெட்டியை அணைத்துப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது நிமிடம் அங்கேயே போயிற்று. அந்த ஆயிரம் 19 நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஆப்பில் பச்சை என்றால் பெட்டிக்கும் சர்வருக்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். கடைசியாக யார், எப்போது, எந்த வண்டிக்கு வெற்றிகரமாக ஏற்றினார் என்பதைப் பயனாளர்கள் எழுதியிருப்பார்கள், அதைப் பாருங்கள். அதைவிட நம்பகமானது அந்த ஓட்டலுக்கே போன் போட்டு, "இன்னைக்கு யாராவது சார்ஜ் போட்டாங்களா?" என்று கேட்பது. காவலாளிக்கு உண்மை தெரியும்.

இரண்டாவது இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர். ஐம்பது நிமிடம் காத்திருந்து, பிறகு 25 கிலோவாட்டில் ஊர்ந்தது. மணி ஐந்தைத் தொட்டபோது 62 சதவீதம். திரையில் 208 கிலோமீட்டர். கொடைக்கானல் 195. பதின்மூன்று மிச்சம் இருக்கிறதே என்று துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டேன். அன்று செய்ததிலேயே பெரிய தவறு இதுதான். மலை என்று ஒன்று இருப்பதை அந்த 208 அறியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மகள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது முறை எங்கே இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை, "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்த "சரிம்மா"தான் என்னை அங்கிருந்து கிளப்பியது.

திண்டுக்கல்லில் குறித்து வைத்திருந்த டிசி பெட்டி அணைந்து கிடந்தது. அடுத்து ஒரு ஓட்டலில் 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர் சும்மா இருந்தது. மெதுவாக ஏறுமே என்று ஒதுக்கிவிட்டேன். இரண்டரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் 18 யூனிட் ஏறியிருக்கும், பன்னிரண்டு மணிக்குள் மலை உச்சியில் இருந்திருப்பேன். மெதுவான சார்ஜர் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். வேலை செய்கிற 7.4, வேலை செய்யாத 60-ஐவிட வேகம்.

வத்தலக்குண்டு, மணி ஏழரை, நல்ல இருட்டு. பேட்டரி 17 சதவீதம், அதாவது 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. திரையில் 58 கிலோமீட்டர். மலை ஏற 55. ஏறினேன்.

முதல் வளைவுகளிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் திரையில் மூன்று கிலோமீட்டர் குறைந்தது. ஏர் கண்டிஷனரை நிறுத்தினேன், பாட்டை நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கினேன். பாட்டு நிறுத்தி என்ன ஆகப்போகிறது, ஆனாலும் கை தானாகப் போயிற்று. எதிரில் பஸ் இறங்கி வந்தால் ஒதுங்கி நின்று மறுபடி ஏற வேண்டும். போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. டம் டம் பாறைப் பக்கம் வந்தபோது 8 சதவீதம், இன்னும் 35 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். ஓரமாக நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அங்கே ஐந்து நிமிடம் அழுதேன். நடு வளைவில் வண்டி நின்றால் பின்னால் வருகிறவன் இருட்டில் பார்ப்பானா என்ற பயம் ஒரு பக்கம், உடம்பு சரியில்லாத பிள்ளையிடம் சொன்ன சொல் தவறிவிட்டது என்பது ஒரு பக்கம்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. ஏறினால் தீரும், இறங்கினால் தீராது. வண்டியைத் திருப்பினேன். காலை எடுத்தாலே மோட்டார் பிடித்துக்கொண்டு மின்சாரம் திரும்புகிற அளவில் ரீஜெனை முழுசாக வைத்து, பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். அடிவாரத்தில் 10 சதவீதம். எட்டு சதவீதம் பத்தாக ஏறியிருந்தது. இரண்டு சதவீதத்தைப் பார்த்து யாராவது அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. இன்று என்னிடம் யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: மலையில் சந்தேகம் வந்த நிமிடமே திரும்பி இறங்குங்கள், அடுத்த வளைவு வரை பார்ப்போம் என்று போகாதீர்கள்.

கணக்கை நான் அப்புறம்தான் போட்டேன், நீங்கள் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். வண்டியும் ஆளும் சாமானும் சேர்ந்த 2,500 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 12 யூனிட் வேண்டும். அது இயற்பியல், யார் ஓட்டினாலும் குறையாது. அதோடு 55 கிலோமீட்டர் உருளுவதற்கும் இழப்புக்கும் சேர்த்தால் 23, 24 யூனிட். என்னிடம் இருந்தது 14. கிலோமீட்டரில் யோசித்ததால் ஏறினேன், யூனிட்டில் யோசித்திருந்தால் அடிவாரத்திலேயே நின்றிருப்பேன்.

ஒன்பது மணிக்கு ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், 1,600 ரூபாய். மேனேஜர் நல்லவர், ஏர் கண்டிஷனர் பிளக்கிலேயே மாட்டிக்கொள்ளச் சொன்னார். மாட்டினால் சார்ஜரில் சிவப்பு. பக்கத்தில் இன்னொரு பிளக்கிலும் சிவப்பு. எர்த் இல்லை. பழைய கட்டடங்கள் நிறைய இப்படித்தான், மூன்றாவது துளை இருக்கும், அதன் பின்னால் ஒன்றும் இருக்காது. ஃப்ரிட்ஜும் டிவியும் கேள்வி கேட்காமல் ஓடும். கார் சார்ஜர் சோதித்துப் பார்த்து மறுத்துவிடும், நம் உயிருக்காகத்தான் மறுக்கிறது. அதை ஏமாற்றச் சொல்லித் தருகிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள்.

மேனேஜர் யாருக்கோ போன் செய்து, பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அனுப்பினார். லுங்கியோடு வந்து ஷட்டரைத் திறந்தார். "அண்ணே, எர்த் நல்லா இருக்குமா?" என்று கேட்டேன். "வெல்டிங் பட்டறைம்மா, எர்த் இல்லைன்னா நான் இருந்திருக்க மாட்டேன்" என்றார். சுவரோரம் ஒரு குழியைக் காட்டினார். உப்பும் கரியும் போட்டு வைத்த எர்த் குழி, அன்று மாலைதான் தண்ணீர் ஊற்றியிருந்தார், மண் ஈரமாக இருந்தது. மாட்டினேன், பச்சை விளக்கு. சுருட்டி வைத்திருந்த என் வயரை முழுசாக விரித்துப் போடச் சொன்னதும் அவர்தான், சுருளாக விட்டால் சூடேறி உருகிவிடும் என்றார். பள்ளிக்குப் போன் செய்தேன். டாக்ஸி எடுத்து மேலே வரட்டுமா என்று கேட்டதற்கு, காய்ச்சல் இறங்கித் தூங்குகிறாள், இரவில் அனுப்ப மாட்டோம், காலையில் வாருங்கள் என்றார்கள். நான் தூங்கவில்லை.

காலை எட்டரைக்குப் பேட்டரி 36. பட்டறைப் பெரியவர் 500 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். முப்பது வேகத்தில் ஏறினேன், பெருமாள்மலை தாண்டியதும் மூச்சு வந்தது, பள்ளி வாசலில் 6 சதவீதம். மகள் சால்வையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நெற்றியை என் தோளில் வைத்து, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

அன்று இரவு அங்கேயே தங்கினோம். ஓட்டலில் ஏசி சார்ஜர் இருந்தது. முந்தின நாள் பயத்தில் நூறு வரை நிரப்பிவிட்டேன். அதுவும் தவறு. நிரம்பிய பேட்டரிக்கு இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லை, அதனால் ரீஜென் ஏறக்குறைய வேலை செய்யவில்லை. காலை எடுத்தால் வண்டி பிடிக்கவில்லை, இரண்டரை டன் சும்மா உருண்டது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை நம்பியே இறங்கினேன், வளைவுகளில் எரிகிற வாடை வந்தது. பின் சீட்டில் படுத்திருந்த மகள் எழுந்து, "என்னம்மா வாசனை?" என்று கேட்டாள். ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிட்டுத்தான் கிளம்பினேன். மேலிருந்து இறங்குகிறவர்கள் 80, 85-க்கு மேல் நிரப்பாதீர்கள். இறங்கும்போதே ஏழெட்டு யூனிட் தானாகச் சேரும்.

திரும்பும்போது எண்பது, எண்பத்தைந்துக்கு மேல் போகவில்லை, காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட். விழுப்புரத்தில் ஒரே ஒரு நிறுத்தம், வீடு வந்தாயிற்று. அதே வண்டி, அதே சாலை. பணமாகப் பார்த்தால் போகும் வழியில் இழந்தது சில ஆயிரங்கள்தான். தாமதமான அந்தப் பதினெட்டு மணி நேரம்தான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த மாதமே மூன்று ஃபேஸ் சார்ஜர் வைத்துவிட்டேன். மீட்டர் பலகையிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை நாற்பது மீட்டர் கேபிள், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி, தனி எர்த் குழி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தொட்டது. குடியிருப்புச் சங்கத்தின் சம்மதம் வாங்கத்தான் மூன்று வாரம். வண்டி வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டிசம்பரில் விடுமுறைக்கு அவளை அழைத்து வர மறுபடி அதே வழியில் போனேன். வீட்டில் நூறு, திருச்சியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சார்ஜ், திண்டுக்கல்லில் அந்த 7.4-இல் ஒன்றரை மணி நேரம். வத்தலக்குண்டில் பட்டறை அண்ணனுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்துவிட்டு மலை ஏறும்போது 58. பள்ளி வாசலில் 27.